வாடை தெரியாத இரண்டு வருஷம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பேக்டரி ஒன்றில் சுப்பராயலு இருபத்தெட்டு வருஷம் மிஷின் ரூம் ஆபரேட்டராக இருந்தார். அவரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் அவருடைய மூக்கைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆள் எப்படி, குணம் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரை ஐஸ் பாராக உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் ஓடுகிற வரைக்கும் சாது. வெளியே வந்துவிட்டால் கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும், நிறைய வந்தால் ஆளையே முடித்துவிடும். ஆனால் துளி கசியும்போதே வாடையால் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வாடையை முதலில் பிடிப்பது எப்போதும் சுப்பராயலுதான். மிஷின் ரூமுக்குள் இரண்டு எட்டு வைப்பதற்குள், மேலே கண்டென்சர் பக்கம் போய்ப் பாருங்கள் என்பார். கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு போய்க் காட்டினால் அவர் சொன்ன மூட்டில் வெள்ளைப் புகை திரளும். அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக் கொல்லையில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, இருபத்தைந்து வயதில் பிழைக்க வந்த ஆளுக்கு அந்தத் துறைமுகத்தில் இருந்த மரியாதை முழுக்க அந்த மூக்கு சம்பாதித்துக் கொடுத்ததுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வாடையைக் கண்டுபிடித்துக் கத்துகிற அலாரம் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்ததும் அது காரணமில்லாமல் அலற ஆரம்பித்தது. மூன்று தடவை தெருவே எழுந்து ஓடியது. டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து எல்லாரையும் திட்டினார். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஒயரைக் கழற்றிவிட்டார்கள். நம்ம சுப்பராயலு மூக்கு இருக்கும்போது இந்த டப்பா எதற்கு என்று அப்போது யாரோ சொன்னது பேக்டரியில் நிலைத்த பேச்சாகிவிட்டது. சுப்பராயலுவுக்கும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெட்டியின் ஆணியிலேயே தினசரி காலண்டரை மாட்டினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி மாரியம்மாள், அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுபடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து அவள் ஓடி வந்தபோது சட்டியில் கரிதான் இருந்தது.

"பக்கத்துலயே குந்திக்கினு இருக்கீங்க, கருகுற வாடை வரல?"

பேப்பரில் கண்ணாக இருந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தார். மறுநாள் மிஷின் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழைய ஆயில் வடித்த தகர டப்பாவைத் திறந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். அந்த ஆயிலில் எப்போதும் அமோனியா கேஸ் கலந்திருக்கும். கண் கரித்தது. தொண்டை கமறியது. வாடை மட்டும் இல்லை. டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார்.

கடலூரில் எந்த டாக்டரிடம் போனாலும் வெளியே காத்திருக்கும் பத்துப் பேரில் ஒருவராவது துறைமுகத்து ஆளுக்குச் சொந்தமாக இருப்பார். அதனால் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகள் கனிமொழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காலை ரயில் ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டே போனார். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் காது மூக்கு தொண்டை டாக்டர். பஞ்சில் எதை எதையோ தோய்த்து மூக்கருகே காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார். கற்பூரத்தைக் காபி என்றார் சுப்பராயலு. கிராம்பு என்று ஒன்றைச் சொன்னார், அது வெறும் பஞ்சு. காய்ச்சலில் வாடை அறிகிற நரம்பு கெட்டுவிட்டது, திரும்பினாலும் திரும்பலாம், நாளாகிவிட்டதால் பெரிதாக நம்ப வேண்டாம், வீட்டில் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லிவிட்டு, என்ன தொழில் என்று கேட்டார்.

"ஐஸ் யாவாரம்" என்றார் சுப்பராயலு.

அப்படியானால் ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார் டாக்டர். மகள் வீட்டில் சாப்பிடும்போதும், திரும்பி வரும் ரயிலிலும் அந்த வார்த்தையையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். தான் சொன்ன பொய்க்குக் கிடைத்த பதில் அது என்பது தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தொரு வயதில் வேறு எங்கே போவது?

அதற்குப் பிறகு மூக்கு இல்லாமல் சமாளிக்கக் கற்றுக்கொண்டார். உள்ளே நுழைகிற ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். யாராவது மூக்கைச் சுளித்தால் அவர் முந்திக்கொண்டு, எனக்கு அப்பவே தெரிஞ்சுது என்பார். முன்பு வாரத்துக்கு ஒரு தடவை சுற்றிய கந்தகத் திரியைத் தினம் இரண்டு தடவை சுற்றினார். வயசாக வயசாக மனுஷனுக்குப் பொறுப்பு கூடுகிறது என்று மேனேஜர் அன்பரசு நாலு பேர் எதிரில் மெச்சினார். அன்பரசுவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். நல்ல மாதிரி, முதலாளி வெளியூரில் இருந்ததால் எல்லாப் பொறுப்பும் அவர் தலையில்.

ஒரு வேலைதான் சுப்பராயலுவுக்குச் சிக்கலாக இருந்தது. கம்ப்ரசரிலிருந்து ஒதுங்குகிற ஆயிலை நாலு நாளைக்கு ஒரு தடவை வடிக்க வேண்டும். அதற்கென்று அடியில் ஒரு வால்வு உண்டு. ஸ்பிரிங் வைத்தது. பிடியைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் திறந்திருக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஆயில் தீர்ந்து கேஸ் வர ஆரம்பிக்கும்போது வாடை மாறும், அப்போது கையை எடுத்துவிட வேண்டும். அந்த மாற்றம் இப்போது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து டப்பாவுக்குள் டார்ச் அடித்து நுரை வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கை டார்ச்சுக்கு, ஒரு கை டப்பாவுக்கு. வால்வுக்குக் கை இல்லை. கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை வளைத்துப் பிடியில் மாட்டி இழுத்துக் கட்டினார்.

அதைப் பார்த்தவன் இளவரசு. மாரியம்மாளின் தம்பி. நாற்பது வயசு, இரண்டு பெண்களுக்குத் தகப்பன், கேன்களில் தண்ணீர் நிரப்பி இறக்குகிற மேடையில் வேலை. சுப்பராயலுதான் அவனைச் சேர்த்துவிட்டார். இது நல்ல ஐடியாவாக இருக்கிறதே மாமா, கை கடுக்காது என்று சொல்லி, அவன் வடிக்கும்போதும் அந்தக் கம்பியையே மாட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் மாட்டினார்கள். சுப்பராயலுவே செய்வதால் அது தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆறு மாசத்தில் அந்தக் கம்பி வால்வோடு கூடவே வாங்கிய சாமான் மாதிரி ஆகிவிட்டது.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையேறியதும் பேக்டரி ஓய்ந்தது. பழுது பார்க்கிற மாசம் அது. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது என்று, பாதுகாப்பு சோதனைக்கு பிரிசில்லா என்கிற பெண்ணை வரவழைத்தார் அன்பரசு. கடலூர்ப் பெண்தான், சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகச் செய்கிறவள். முதல் நாள் முழுவதும் அவள் ஒன்றும் பேசாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நூல் கோத்து, மேடையருகே ஆணியில் தொங்கவிட்டாள். கூடவே ஒரு பேனா.

"சரியில்லன்னு கண்ணுல படுறது எவ்ளோ சின்ன விஷயமா இருந்தாலும் இதுல எழுதுங்கண்ணே. யாரு எழுதுனதுன்னு கேக்க மாட்டேன், யாரு செஞ்சதுன்னும் கேக்க மாட்டேன். ஒண்ணொண்ணா பாத்தா எதுவுமே பெருசாத் தெரியாது. எல்லாம் ஒரே நாள்ல கூடிக்கிற வரைக்கும்."

இளவரசு முதல் ஆளாகப் போய் எழுதினான்: டீயில் சர்க்கரை கம்மி. ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாரோ, பின்பக்கக் கதவை உப்பு மூட்டை மறைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஐஸ் உறைகிற தொட்டித் தண்ணீரில் கலக்கும் மரக்காணத்து உப்பு லாரியில் வந்தபோது மற்ற இடத்தில் கூரை ஒழுகியதால் அங்கே அடுக்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற துணிக்குழல் கிழிந்து போய்விட்டது என்று ஒருவர் எழுதினார். கண் கழுவ வைத்த டிரம் தண்ணீரைக் கண்டதற்கும் எடுக்கிறார்கள் என்று இன்னொருவர். அலாரம் வேலை செய்யவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், மூக்கு வேலை செய்கிறது என்று இருந்தது.

அந்த வரியைச் சுப்பராயலு பலமுறை படித்தார். ஒரு சாயங்காலம் பேனாவைக் கையில் எடுத்தும் பார்த்தார். ஆயில் வால்வைக் கம்பியால் கட்டுகிறார்கள் என்று எழுதினார். ஏன் கட்ட ஆரம்பித்தது என்பதை எழுதவில்லை. எழுதியது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கை கழுவப் போனார்.

பிரிசில்லா கேட்டவற்றையெல்லாம் சரி செய்து தருகிறேன் என்று அன்பரசு ஒத்துக்கொண்டார். அவர் ஏமாற்றவில்லை. மூட்டைகளை நகர்த்த ஆள் சொன்னார், ஆள் வரவில்லை. புது அலாரத்துக்குச் சொல்லிவைத்தார், ஜூன் மாசக் கடைசியில் வரும் என்றார்கள். அதற்குள் தடைக்காலம் முடிகிற நாள் வந்துவிட்டது. ஜூன் பதினாலு நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் இறங்கும். ஒரு பார் ஐஸ் உறைய ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ஒன்பதாம் தேதியே மிஷினைப் போட வேண்டும். போட்டார்கள்.

மிஷின் போடும் நாளில் பூஜை போடுவது வழக்கம். ரூமைக் கழுவிவிட்டுக் கம்ப்ரசருக்கு மாலை சாத்தினார்கள். பிரஷர் காட்டுகிற மீட்டர் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தார்கள். ஆபத்து எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு இரண்டு மீட்டர்களில் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. சாமிக்கு வைத்த பொட்டை யார் துடைப்பது? தானாக உதிரட்டும் என்று விட்டார்கள். ரூமைக் கழுவியதில் டிரம் தண்ணீர் தீர்ந்தது. அதையும் அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி மதியம் மூன்று மணி இருக்கும். இளவரசு வந்து ஆயில் வடிக்க வால்வைத் திறந்து கம்பியை மாட்டினான். சுப்பராயலு பத்தடி தள்ளி, மீட்டர்களுக்கு எதிரில் நின்று ரீடிங் எழுதிக்கொண்டிருந்தார். சந்தனத்துக்கு ஓரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது மேடையிலிருந்து, கிரேன் கொக்கி சிக்கிக்கொண்டது, பார் அந்தரத்தில் தொங்குகிறது என்று குரல் வந்தது. மாமா, பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு இளவரசு ஓடினான். சுப்பராயலு தலையாட்டினார். கம்ப்ரசர் சத்தத்தில் அவன் எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்பது அவர் காதில் விழவில்லையா, மனசில் விழவில்லையா என்று பிற்பாடு அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஆயில் தீர்ந்து கேஸ் வர ஆரம்பித்தது. மூக்கு இருந்த காலமாக இருந்தால் கை எழுதிக்கொண்டிருக்கும்போதே கால் திரும்பியிருக்கும்.

ஏழெட்டு நிமிஷத்தில் இளவரசு திரும்பி வந்தான். வாசலில் நிற்கும்போதே அவனுக்கு வாடை அடித்தது. ஆனால் உள்ளே மாமா அலட்டிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டு நிற்கிறார். இது டப்பாவில் இருக்கிற பழைய வாடைதான் என்று நினைத்து, நேராகப் போய் டப்பாவை எடுக்கக் குனிந்தான். கேஸ் மொத்தமாக முகத்தில் அடித்தது.

அலறல் கேட்டு சுப்பராயலு திரும்பினார். அப்போதுதான் தன் கண்ணும் எரிவது அவருக்குத் தெரிந்தது. இளவரசு கண் தெரியாமல் பக்கத்திலிருந்த பின்கதவை நோக்கி ஓடி, உப்பு மூட்டைகளில் மோதி விழுந்தான். சுப்பராயலு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் கம்பியைப் பிடுங்கினார். வால்வு டக்கென்று மூடிக்கொண்டது. மச்சானின் இரண்டு தோள்களுக்கும் அடியில் கைகொடுத்து, முன்வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். டிரம்மில் முகக்கப் போன குவளை காலி அடியில் உரசிச் சத்தம் போட்டது. டீக்கடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கண்ணைக் கழுவினார்கள்.

உயிருக்குப் பயமில்லை, கண்ணுக்கும் பார்வை போகாது, நாலைந்து நாள் கட்டுப் போட்டிருக்க வேண்டும், தொண்டை ஆறத்தான் நாளாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குள் துறைமுகம் முழுக்கக் கதை பரவிவிட்டது. கேஸுக்கு நடுவில் அசையாமல் நின்று வால்வை மூடி மச்சானைத் தூக்கி வந்தாராம். அவருக்கு மூக்கு மட்டுமில்லை, நெஞ்சும் இரும்பாம். படகுக்காரர்கள் சங்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்து சுப்பராயலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினாலாம் தேதி படகு இறங்குகிற பூஜையில் சால்வை போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சுப்பராயலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு மாரியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"உங்களுக்கு வாடை வரல. அப்படித்தான?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"கருவாடு கருகுன அன்னிக்கே நெனச்சேன். சாம்பார் ஊசிப்போனாகூட சாப்புடுவீங்க. கேட்டா உங்களுக்கு சங்கடமா இருக்குமேன்னு கேக்காம வுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கட்டு அவுத்ததும் அவன் மொதல்ல கேக்கப்போறது அதத்தான். அதுக்குள்ள வேற யாராவது அந்த ரூமுக்குள்ள உங்க மூஞ்சியப் பாத்துட்டு நொழைவான்."

அன்றைக்கு அவருக்குத் தூக்கமே இல்லை. சொன்னால் வேலை போகும். வேலையைவிட, இருபத்தெட்டு வருஷத்துப் பெயர் போகும். இரண்டு வருஷமாக ஊரை ஏய்த்தவன் என்பார்கள், அதுவும் உண்மைதான். சொல்லாவிட்டால் சால்வை வரும். புது அலாரம் வரும் வரைக்கும், ஏன் வந்த பிறகும்கூட, ஆட்கள் வாசலில் நின்று முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பதிமூன்றாம் தேதி காலை பிரிசில்லா வந்தாள். கசிந்த மிச்சம் காற்றோடு போயிருந்தது, மிஷின் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் எல்லாரையும் உட்கார வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். கம்பி. கொக்கி. பொட்டு வைத்த மீட்டர். மூட்டை. காலி டிரம். எல்லாமே நோட்டில் முன்னாலேயே இருந்தவை, அல்லது யாராவது ஒருவர் கண்ணில் முன்னாலேயே பட்டவை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அலாரம் இருந்திருந்தால் என்று பிரிசில்லா தொடங்கியதும் அன்பரசு குறுக்கிட்டார். அலாரம் இல்லாவிட்டாலும் சுப்பராயலு அண்ணன் உள்ளேதான் இருந்தார், அவர் இருந்ததால்தான் இந்த அளவோடு போயிற்று என்றார். பிரிசில்லா சுப்பராயலுவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வாடை எப்ப தெரிஞ்சுதுண்ணே? அவரு உள்ள வர்றதுக்கு எவ்ளோ நேரம் முன்னாடி?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. ரெண்டு நிமிஷம் முன்னாடி, வால்வுகிட்ட போயிக்கினு இருந்தேன் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

"தெரியல" என்றார் சுப்பராயலு. "எனக்கு வாடையே தெரியாது. ரெண்டு வருஷமா."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரித்தவரும் நிறுத்திக்கொண்டார். சுப்பராயலு காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தார். கருவாடு, சிதம்பரம் டாக்டர், அவரிடம் சொன்ன பொய், அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பிழைத்தது, டார்ச்சுக்காகக் கம்பி கட்டியது. எல்லாவற்றையும் சொன்னார். குரல் எங்கும் உயரவில்லை.

"நான் நிதானமா நின்னத பாத்துட்டுதான் அவன் உள்ள வந்தான். இத்தினி நாளா இந்த ரூமுக்கு அலாரம் நான்னு சொல்லிக்கினு இருந்தீங்க. அந்த அலாரத்துக்கும் ஒயர் கிடையாது மேடம். எழுதிக்குங்க."

அன்பரசுவின் முகம் கறுத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று கேட்டார், அதையே வேறு வேறு விதமாக நாலு தடவை கேட்டார். பிறகு நாளைக்கு நாற்பது படகு ஐஸுக்கு நிற்கிறது, இப்போது என்ன செய்வது என்றார். அலாரம் இல்லாமல், பின்கதவு திறக்காமல் இந்த மிஷின் ஓடக்கூடாது என்றார் சுப்பராயலு. அன்பரசு பிரிசில்லாவைப் பார்த்தார். அவள், அவர் சொல்வதுதான் சரி, நானும் அதைத்தான் எழுதிக் கொடுப்பேன் என்றாள். அன்பரசு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

சுப்பராயலு எழுந்து மிஷின் ரூமுக்குப் போனார். வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக, முறைப்படி, அவசரப்படாமல் மூடினார். கம்ப்ரசரை நிறுத்தினார். சத்தம் நின்றதும் துறைமுகத்துக் காக்கைச் சத்தம் உள்ளே கேட்டது. ரூம் சாவியை அன்பரசு கையில் கொடுத்துவிட்டு, மீட்டர் கண்ணாடிகளைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

மதியத்துக்குள் கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு மாசம் தொழில் இல்லாமல் இருந்தவர்கள், கோபப்படாமல் என்ன செய்வார்கள்? சால்வை போடுவதாகச் சொன்னவரே முன்னால் நின்று, மூக்கு இல்லாதவனுக்கு எதற்கய்யா மிஷின் ரூம் என்று கேட்டார். சுப்பராயலு கேட்டுக்கு உள்ளே போய் ஒளியவில்லை. திட்டுவதை நின்று கேட்டுக்கொண்டார். உறைந்த வரைக்கும் இருந்த பார்களைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மீதிக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் லாரியில் ஐஸ் வந்தது. சில படகுகள் ஒரு நாள் பிந்திப் போயின.

ஆட்களே அன்றைக்கு சாயங்காலம் மூட்டைகளைச் சுமந்து பின்கதவைத் திறந்தார்கள். இத்தனை நாள் வராத ஆள் எதற்கும் தேவைப்படவில்லை, முக்கால் மணி நேர வேலைதான். அன்பரசு சென்னைக்கு ஆள் அனுப்பி மூன்றாம் நாளே அலாரத்தை வரவழைத்தார்.

சுப்பராயலுவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மிஷின் ரூம் இனி இல்லை, கேட்டில் உட்கார்ந்து எந்தப் படகுக்கு எத்தனை பார் போகிறது என்று குறிக்கிற வேலை என்றார் அன்பரசு. பாதிச் சம்பளம் குறைந்தது. வருகிறவர்களில் சிலர் ஏதாவது மீனை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, நல்ல மீனா கெட்ட மீனா சொல்லுங்க பெரியவரே என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் செதிலையும் கண்ணையும் பார்த்துச் சரியாகவே சொன்னார்.

இளவரசு கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று அவர் போய்ப் பார்த்தார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தொண்டை இன்னும் கரகரவென்று இருந்தது.

"உங்களப் பாத்துதான் மாமா உள்ள வந்தேன்" என்றான். அவன் பெண்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வேலைக்குத் திரும்பிய பிறகும் அவன் கேட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனான். வீட்டுக்கு வந்தால் அக்காவோடு மட்டும் பேசிவிட்டுப் போனான்.

ஆடி பிறந்த முதல் வாரம் அலாரத்தைச் சோதித்துப் பார்க்க பிரிசில்லா வந்தாள். சின்ன பாட்டிலில் இருந்த அமோனியாவில் நனைத்த துணியைப் பெட்டிக்குக் கிட்டே பிடித்தாள். பெட்டி அலறியது. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கதவாலும் வெளியே போனார்கள். அவள் அலாரத்தை நிறுத்திவிட்டுத் துணியைப் பாட்டிலுக்குள் திருப்பிப் போடும்போது பாட்டில் கை தவறிச் சாய்ந்து, கொஞ்சம் தரையில் ஊற்றிவிட்டது. அவளும் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

சுப்பராயலு கணக்கு நோட்டைக் கொடுக்க வந்தவர், அலாரம் நின்றதும் சோதனை முடிந்துவிட்டது என்று எண்ணி வாசற்படியில் கால் வைத்தார். அவருக்கு அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு எட்டு உள்ளே வைத்தார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"வாடை அடிக்குது மாமா" என்றான் இளவரசு. "வெளிய வாங்க."

எவ்வளவு அடிக்கிறது, எங்கே என்று சுப்பராயலு கேட்கவில்லை. அவன் இழுத்த பக்கம், காற்று வருகிற பக்கமாக நடந்தார். இளவரசு அவர் சட்டையை விடாமல் கூடவே வந்தான்.